படம் வரும் வழி

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள் பெரியப்பா, ஆற அமரப் பேசுவோம். "ஏம்ப்பா, கேபிள் ஒயரைச் சொருகுனா படம் வந்துருது. இந்தப் புது டிவி மட்டும் எதுக்கு இத்தனை கேள்வி கேக்குது?" என்றீர்களே, கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

கேபிளில் எல்லாச் சேனலும் எந்நேரமும் ஒயருக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. 2006-ல் அரசு இலவசமாகக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கிய காலத்திலும் அப்படித்தான். 2011-ல் மாதம் 70 ரூபாய்க்கு அரசு கேபிள் வந்தபோதும் அப்படித்தான். ரிமோட்டை அழுத்தினால், ஓடுகிறவற்றில் ஒன்றை டிவி பிடித்துக் காட்டும். இணையத்தில் எதுவும் தானாக வராது. நீங்கள் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்ததும், எங்கோ இருக்கும் கணினியிடம் உங்கள் டிவி போய்க் கேட்கிறது. அந்தக் கணினி உங்கள் வீட்டுக்கென்று தனியாக அனுப்புகிறது. அனுப்புவதற்கு முன் யார் கேட்பது, சந்தா இருக்கிறதா என்று விசாரிக்கிறது. இத்தனை கேள்விக்கும் காரணம் அதுதான்.

அந்தப் படம் ஐந்து இடங்களைக் கடந்து வருகிறது: தெருவிலிருந்து வரும் ஃபைபர், சுவரில் மாட்டிய பெட்டி, வைஃபை, டிவி, டிவிக்குள் இருக்கும் ஆப். இந்த வரிசை மனத்தில் இருந்தால், படம் நின்றுபோகும் நாளில் கோளாறு எங்கே என்று நீங்களே சொல்லிவிடலாம்.

முதலில் ஃபைபர். அதற்குள் இருப்பது தலைமுடி கனத்துக் கண்ணாடி இழை. அதில் ஓடுவது மின்சாரம் இல்லை, ஒளி. இழை சட்டென்று மடங்கினால் ஒளி வெளியே கசிந்துவிடும். நம் கீரமங்கலம் பக்கம் பாதி வீடுகள் தென்னந்தோப்புக்குள் இருக்கின்றன. ஒயரை மரத்துக்கு மரம் கட்டி இழுத்து வந்தால், காய்ந்த மட்டை ஒன்று விழுந்தாலே போதும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் தென்னையையும் மின்கம்பத்தையும் சேர்த்துச் சாய்த்ததை நாம் கண்ணால் பார்த்தவர்கள். அதனால் இணைப்புக் கொடுக்க வருகிறவரிடம், கம்பத்துக்குக் கம்பம் கொண்டுவரச் சொல்லுங்கள். சுவர் மூலையில் கூர்மையாக மடித்து ஆணி அடிக்க விடாதீர்கள்.

சுவர்ப் பெட்டியில் நாலைந்து விளக்குகள் இருக்கும். 'எல்.ஓ.எஸ்.' என்று எழுதியிருப்பது சிவப்பாக எரிந்தால், ஒளி வீடுவரை வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது டிவியைத் திட்டிப் பயனில்லை. இணைப்புக் கொடுத்தவரைத்தான் கூப்பிட வேண்டும். கரண்ட் போனால் இந்தப் பெட்டியும் அணைந்துவிடும். டிவி இன்வெர்ட்டரில் ஓடுகிறது என்றால் இதையும் அதே இன்வெர்ட்டரில் மாட்டிவிடுங்கள்.

எவ்வளவு வேகம் தேவை? முழு எச்.டி. படத்துக்கு விநாடிக்கு 5 மெகாபிட், 4கே படத்துக்கு 15 மெகாபிட் வேண்டும் என்று நெட்ஃபிளிக்ஸ் சொல்கிறது. இந்த 5 மெகாபிட்டை ஒரு மணி நேரத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய இரண்டேகால் ஜி.பி. வரும். "போனுல நாளைக்கு 2 ஜி.பி. இருக்கே, அதுல பாத்தா ஆகாதா?" என்றால், ஒரு படத்தின் இடைவேளைக்குள் அது தீர்ந்துவிடும். பெரிய திரைக்கு ஃபைபர் இணைப்புத்தான் கட்டுப்படியாகும். அதிலும் ஒரே டிவி இருக்கும் வீட்டுக்கு, விற்கிற திட்டங்களில் விலை குறைந்ததே பெரும்பாலும் போதும்.

பெட்டியிலிருந்து டிவிக்குப் போவது வைஃபை. பெட்டி பெரும்பாலும் இரண்டு பெயர்களில் அலையை அனுப்பும். ஒன்று 2.4 கிகா, தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் வேகம் குறைவு. இன்னொன்று 5 கிகா. வேகம் அதிகம், சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். டிவியும் பெட்டியும் ஒரே அறையில் இருந்தால் 5-ஐத் தேர்ந்தெடுங்கள். நடுவில் கனமான சுவர் இருந்தால் 2.4. பெட்டியை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைக்காதீர்கள். எல்லாவற்றையும்விட நல்லது, பெட்டியிலிருந்து டிவிக்கு ஒரு லேன் ஒயர் இழுத்துவிடுவது. ஒயரில் வரும் படம் சுவருக்கு அஞ்சாது.

நடுநடுவே வட்டம் சுற்றுகிறதே, அது ஏன் என்று கேட்டீர்கள். நம் போர் தண்ணீரை நேராக வாய்க்காலில் விடாமல் தொட்டியில் விழவைத்துப் பாய்ச்சுகிறோம் அல்லவா? டிவியும் படத்தைச் சில விநாடித் துண்டுகளாக வாங்கி, முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறது. வரத்து குறைந்தால் முதலில் படத்தின் தெளிவைக் குறைத்துச் சமாளிக்கும். தொட்டி காலியானால் வட்டம் சுற்றும். நேரலைக் கிரிக்கெட்டில் கேபிள் வைத்திருக்கும் அடுத்த வீட்டில் முதலில் சத்தம் கேட்பதும் இதனால்தான். அது கோளாறு இல்லை.

இப்போது டிவி. முதல்முறை போட்டதும் மொழி கேட்கும். தமிழ் இருந்தால் தயங்காமல் தமிழையே எடுங்கள். அடுத்து வைஃபை பாஸ்வேர்டு. ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் சேராது. பெட்டியின் அடியில் ஒட்டியிருப்பதை அப்படியே பார்த்து அடியுங்கள். அமைப்புகளில் தேதியும் நேரமும் தானாக எடுத்துக்கொள்ளும்படி வையுங்கள். தேதி தப்பாக இருந்தால் ஆப்கள் திறக்க மறுக்கும். அவற்றின் பாதுகாப்புச் சான்றுகளுக்கும் காலக்கெடு உண்டு. மென்பொருள் புதுப்பிக்க வேண்டும் என்று கேட்டால் முதலிலேயே முடித்துவிடுங்கள். பழைய டிவிதான் இருக்கிறது, ஆனால் எச்.டி.எம்.ஐ. துளை உண்டு என்றால், அதில் சொருகும் ஸ்டிக் ஒன்று வாங்கினாலே போதும்.

யூடியூபில் செய்தி, பட்டிமன்றம், பழைய படம் எல்லாம் காசில்லாமல் பார்க்கலாம். பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் ஆப்பில் தூர்தர்ஷன் சேனல்கள் கிடைக்கின்றன. சந்தா கட்ட வேண்டிய ஆப்களில் திரையில் ஒரு குறியீடும் ஒரு சதுரக் கட்டமும் வரும். குறியீட்டைப் போனில் அடித்தாலோ, சதுரக் கட்டத்தைப் போன் கேமராவில் காட்டினாலோ டிவி திறந்துகொள்ளும். இந்தக் குறியீட்டுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. கூகுளில் கிடைத்த எண்ணுக்கு நீங்கள் அழைக்கும்போது, "ஆக்டிவேஷனுக்குப் பணம் அனுப்புங்க" என்று எவனாவது சொன்னால் அவன் திருடன். பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

எல்லாச் சேனலும் இலவசம் என்று சொல்லி விற்கும் பெயர் தெரியாத பெட்டிகளை வாங்கவே வாங்காதீர்கள். 2025 ஜூனில் அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. பேட்பாக்ஸ் 2.0 என்ற நச்சு மென்பொருள் அப்படிப்பட்ட பெட்டிகளில் முன்னமே ஏற்றப்பட்டு வருகிறது. வாங்கியவருக்குத் தெரியாமலே அவர் வீட்டு இணைப்பைக் குற்றவாளிகள் பயன்படுத்துகிறார்கள். டிவியின் சொந்த ஆப் கடையில் இருப்பதை மட்டும் ஏற்றுங்கள்.

படம் காட்டும் ஆப்களில் பேரப்பிள்ளைகளுக்கென்று தனிப் பக்கம் வைத்து, உங்கள் பக்கத்துக்குப் பின் நம்பர் போடுங்கள். 2021-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி இந்த ஆப்கள் படத்துக்கு வயது வகை குறிக்க வேண்டும்; 13 வயதும் அதற்கு மேலும் என்று குறித்தவற்றுக்குப் பூட்டு வசதியும் தர வேண்டும். அந்தப் பூட்டைப் போடுவது மட்டும் நம் வேலை.

படம் நின்றால் அந்த ஐந்து இடங்களையும் கடைசியிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். வேறு ஆப் ஓடுகிறதா? ஓடினால் கோளாறு அந்த ஆப்பில். எதுவும் ஓடவில்லை, ஆனால் போனில் அதே வைஃபை வருகிறதா? வந்தால் டிவியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சற்றுப் பொறுத்துப் போடுங்கள். போனிலும் வரவில்லையா? பெட்டி விளக்கைப் பாருங்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன் பெரியப்பா. டிவி மாட்ட வந்த பையன் அவசரத்துக்குத் தன் மின்னஞ்சலைப் போட்டுத் திறந்துவைத்துவிட்டுப் போவான். வெளிநாட்டில் இருக்கும் மகன் தன் கணக்கைப் போட்டுத் தருவான். ஒருநாள் அது பூட்டிக்கொண்டால் நீங்கள் வாசலில் நிற்க வேண்டியதுதான். கணக்கு உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரில் இருக்கட்டும். பாஸ்வேர்டை உங்கள் நோட்டில் எழுதிவையுங்கள். மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் அனுமதி எந்த ஆப்புக்குக் கொடுத்தீர்கள், அதை எங்கே நிறுத்துவது என்று பெரியம்மாவுக்கும் காட்டிக்கொடுங்கள். விடியுமுன் பூப்பறித்துச் சம்பாதித்த காசு அது. எதற்குப் போகிறது, எப்போது நிறுத்தலாம் என்பது உங்கள் இருவர் கையில்தான் இருக்க வேண்டும்.