இன்று உங்களைத் தாதி பார்ப்பார்

பலதுறை மருந்தகத்தில் உங்கள் எண் வருகிறது. அறைக்குள் போனால் அங்கே இருப்பவர் மருத்துவர் அல்லர், தாதி. “டாக்டர் இல்லையா?” என்று கேட்கத் தோன்றும். ‘மிஸ்ஸி’ என்று கூப்பிட்டுப் பழகிய தலைமுறைக்கு அது இயல்புதான். ஆனால் அதற்காகச் சிலர் அடுத்த சந்திப்புக்கு வராமல் இருந்துவிடுகிறார்கள். அதுதான் கவலை.

நீரிழிவு உள்ளவரை எடுத்துக்கொள்ளுங்கள். பாதம் மரத்துப் போயிருந்தால் காயம் பட்டாலும் வலிக்காது. வலிக்காததால் யாரிடமும் காட்ட மாட்டோம். பயிற்சி பெற்ற தாதி மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார். பாதத்தில் நாடித் துடிப்பையும் சோதிப்பார். இந்தச் சோதனையைத் தவறவிட்டால், கவனிக்காத புண் முற்றி, விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை வரலாம்.

சிங்கப்பூரில் தாதியாகப் பணிபுரிய, தாதியர் வாரியத்தில் பதிவும் செல்லுபடியாகும் பணிச் சான்றிதழும் வேண்டும். இது அனைவருக்கும் பொது. முதியோர் பராமரிப்பு, சிறுநீரகம், புற்றுநோய் போன்ற துறைகளில் மேற்கொண்டு படித்துத் தகுதி பெறும் தாதியரும் உண்டு.

அனுபவம் இருந்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். அனுபவம் அவசியமே. ஆனால் யாருக்கு எந்த அளவு அனுபவம் என்பது நோயாளிக்கு எப்படித் தெரியும்? அதை மற்றவர்கள் சோதித்து உறுதிப்படுத்தியதற்கு அடையாளம்தான் சான்றிதழ்.

இதில் உயர்ந்த படி, ‘ஏபிஎன்’ எனப்படும் உயர்நிலைத் தாதியர். இவர்கள் பல ஆண்டு பணி அனுபவத்துக்குப் பின் முதுகலைப் பட்டம் பெற்று, மேற்பார்வையின் கீழ்ப் பயிற்சியும் முடித்து, வாரியத்தின் மதிப்பீட்டில் தேறியவர்கள். அதன் பிறகே ஏபிஎன் என்ற பட்டப்பெயரைப் பயன்படுத்தலாம். மருத்துவர்களுடன் சேர்ந்து பணியாற்றும் ஏற்பாட்டின்கீழ், கூடுதல் பயிற்சி முடித்த ஏபிஎன் தாதியர் மருந்து எழுதித் தரும் முறை 2018இல் தொடங்கியது. ஆகவே, உங்கள் மருந்தின் அளவை ஒரு தாதி மாற்றினால் திகைக்க வேண்டாம். சிக்கல் இருந்தால் அவரே உங்களை மருத்துவரிடம் அனுப்புவார்.

“நீங்கள் எந்தத் துறையில் பயிற்சி பெற்றவர்?” என்று தாதியிடம் தயங்காமல் கேளுங்கள், அது மரியாதைக் குறைவு ஆகாது. வாரியத்தின் இணையப் பக்கத்தில் அவருடைய பதிவைச் சரிபார்க்கலாம். பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ தேடித் தருவார்கள். சந்திப்புக்குப் போகும்போது, நாட்டு மருந்து உட்பட நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் எடுத்துச் செல்லுங்கள். எளிதில் கழற்றக்கூடிய காலணியை அணிந்து செல்லுங்கள்.