விற்ற இறால் பிழைத்தால்தான் வியாபாரம் பிழைக்கும்

அலங்கார மீன் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் சிவப்பு நிறச் செரி இறாலையும் விற்கிறார்கள். கூனியைவிடச் சற்றுப் பெரிதாக, ஓர் அங்குலமளவே வளரும் நன்னீர் இறால் இது. இடமும் தீனியும் குறைவாகவே தேவை; உப்பு நீரின்றித் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கும். சிறு முதலுக்கு ஏற்ற சரக்குத்தான். ஆனால் இத்தொழிலில் நான் அதிகம் கேட்கும் முறைப்பாடு ஒன்றே: "நானா, கொண்டுபோய் மூன்று நாளில் எல்லாம் செத்துப்போச்சு."

கடைக்காரர் நோயுள்ளதைத் தந்துவிட்டார் என்கிறார் வாங்கியவர். வாங்கியவருக்குப் பராமரிக்கத் தெரியாது என்கிறார் கடைக்காரர். நான் கண்டவரை, பெரும்பாலும் இறாலைக் கொல்வது ஒரு தண்ணீரிலிருந்து இன்னொரு தண்ணீருக்குப் போகும் திடீர் மாற்றமே. சில விடயங்களைச் சொல்லி விற்றால் இந்த நட்டத்தில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

முதலாவது, தொட்டியின் வயது. புதிய தொட்டியில் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியாவை மாற்றும் பக்டீரியாக்கள் பெருக 4 முதல் 6 வாரங்கள் வேண்டும். நேற்றுத் தண்ணீர் நிரப்பியவருக்கு இன்று இறால் விற்கக் கூடாது. ஸ்பொன்ஞ் பில்டரையும் பாசியையும் கொடுத்து, அடுத்த மாதம் வரச் சொல்லுங்கள்.

இரண்டாவது, தண்ணீர். குழாய் நீரில் குளோரின் இருக்கும். அன்டி குளோரின் இடாமல் பாவிக்கக் கூடாது. கொழும்புக் குழாய் நீர் மென்னீர். யாழ்ப்பாணம், புத்தளம் போன்ற சுண்ணாம்புக்கல் பிரதேசங்களின் கிணற்று நீர் வன்னீர். ஒன்றில் வளர்ந்ததை மற்றதில் சட்டெனக் கொட்டினால் தாங்காது. இறாலைப் பை நீருடன் ஒரு பாத்திரத்தில் விட்டு, காற்றுக் குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டி நீரை வினாடிக்கு இரண்டு மூன்று துளியாக ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் வரை சொட்ட விட வேண்டும். பிறகு வலையால் இறாலை மட்டும் எடுத்துத் தொட்டியில் விட வேண்டும். பை நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

மூன்றாவது, நஞ்சு. மீன் மருந்துகள் சிலவற்றில் செம்பு உண்டு. மீனைக் குணப்படுத்தும் அளவே இறாலைக் கொல்லும். நுளம்புச் சுருளும் பூச்சிகொல்லி ஸ்ப்ரேயும் அப்படியே. காற்று மோட்டர் அறையிலுள்ள காற்றைத்தான் தண்ணீருக்குள் தள்ளுகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. டெங்குப் புகை அடிக்கும்போது மோட்டரைச் சிறிது நேரம் நிறுத்தி, தொட்டியை மூடி வைக்கச் சொல்லுங்கள்.

நான்காவது, கழற்றிய ஓடு. இடம் மாறிய இறால் ஓரிரு நாளில் ஓட்டைக் கழற்றும். கண்ணாடி போன்ற வெற்று ஓட்டைக் கண்டு செத்துவிட்டதாக எண்ணி வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். செத்த இறால் அவித்தது போல் வெளிறிச் சிவந்திருக்கும். ஓடு உள்ளீடின்றி இருக்கும். அந்த ஓட்டை அகற்றவும் வேண்டாம். தாதுச் சத்துக்காக இறாலே அதைத் தின்னும்.

முதல் நாள் தீனி தேவையில்லை. பிறகும் சிறிதளவு போட்டு, மீதியை இரண்டு மூன்று மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். வாரத்துக்கு 10 முதல் 20 வீதத்துக்கு மேல் தண்ணீர் மாற்றத் தேவையில்லை.

இவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் அரைத் தாளில் அச்சடித்துப் பையுடன் கொடுப்பதற்குப் பெரிய செலவில்லை. அத்துடன், பண்ணையிலிருந்து வந்திறங்கிய இறாலை ஒரு வாரமாவது நமது தொட்டியில் வைத்து, தேறியதையே விற்க வேண்டும். களைத்துப்போன சரக்கை நல்ல சரக்கென்று தள்ளிவிடுவது வியாபாரத் தந்திரமல்ல. ஈரத் தானியத்தை அடியில் மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நாம் அறிந்ததே. இங்கே மறைக்கப்படுவதோ ஓர் உயிரின் நிலை.

இறால் செத்தவர் மறுபடி அந்தக் கடைப் பக்கம் வருவது அரிது. பிழைத்தவரோ தீனிக்கும் பாசிக்கும் பில்டருக்கும் வருவார். குஞ்சு பெருகியதும் அவரிடமிருந்தே நாம் கொள்வனவும் செய்யலாம். காசு வாங்கிய கையோடு இந்த வியாபாரம் முடிவதில்லை. சொல்லி விற்பவருக்கே அல்லாஹ் பரக்கத் செய்வான்.