'சூப்பர்', 'வேற லெவல்' போதுமா? திருமுக்கூடல் கல்வெட்டுப் படத்துக்கு என்ன கமென்ட் போடலாம்?

மாட்டுப் பொங்கல் முடிந்த கையோடு காஞ்சிபுரம் பக்கத்து முகநூல் குழுக்களிலும் வாட்ஸ்அப்பிலும் திருமுக்கூடல் படங்கள் வரத் தொடங்கிவிடும். காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காகப் பழைய சீவரம் மலைக்கு வந்து, பிறகு பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு எழுந்தருளும் நாள் அது. சுற்றுவட்டாரப் பெருமாள்களும் அங்கே கூடுவார்கள். போனவர்கள் உற்சவத்தையும் எடுப்பார்கள், அப்படியே கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டையும் எடுப்பார்கள்.

படத்துக்குக் கீழே வருவது என்ன? 'சூப்பர்', 'அருமை', 'வேற லெவல்', நாலு கைகூப்பும் எமோஜி. யாரையும் புண்படுத்தாத கமென்ட்தான். ஆனால் எடுத்தவருக்கு அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமே இல்லை. அதுவும் கல்வெட்டுப் படம் என்றால், நல்ல ஒரு கமென்ட்டுக்கு நாம் நினைப்பதைவிட மதிப்பு அதிகம்.

அந்தச் சுவரில் அப்படி என்ன இருக்கிறது?

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் இடம் திருமுக்கூடல். இங்குள்ள அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. இதன் சுவரில் உள்ள வீரராஜேந்திர சோழன் காலத்து 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, ஒரு மருத்துவமனையின் கணக்கைச் சொல்கிறது. 15 படுக்கைகள், ஒரு மருத்துவர், அறுவைச் சிகிச்சை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் என்று யார் யாருக்கு என்ன கூலி என்பது வரை அதில் இருக்கிறது. இருப்பு வைக்க வேண்டிய மருந்துகள் மட்டும் ஏறத்தாழ 20. வேதம் படிக்கும் மாணவர்களுக்கான சாப்பாட்டுச் செலவும் அதே கல்வெட்டில் வருகிறது.

தொல்லியல் துறை 1915இலேயே இதைப் பதிவு செய்து, பின்னர் 'எபிகிராபியா இந்திகா' தொகுதியில் அச்சிட்டும் விட்டது. ஆனால் கல் அங்கேயேதான் இருக்கிறது. வெயில், மழை, தொட்டுப் பார்க்கும் கைகள் எல்லாம் அதன்மேல் பட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. இன்று செல்போனில் எடுக்கும் தெளிவான ஒரு படம், இந்த வருடம் எந்த எழுத்து எந்த நிலையில் இருந்தது என்பதற்கான சாட்சி.

முதலில் கேள்வி, அப்புறம் யோசனை

ஒருவர் நடுப்பகலில் கல்வெட்டை எடுத்துப் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படம் பளிச்சென்று இருக்கிறது, எழுத்து மட்டும் தெரியவில்லை. 'கிளியரா இல்லை ப்ரோ' என்று எழுதுவது சுலபம். ஆனால் எது கிளியராக இல்லை, ஏன் இல்லை என்று அவருக்கு அதில் தெரியாது.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "கல்வெட்டைப் படிக்கிற மாதிரி எடுக்க நினைச்சீங்களா, இல்ல சுவரோட அழகுக்காகவா?" அழகுக்காக எடுத்தவரிடம் எழுத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்? படிப்பதற்காக என்று அவர் சொன்னால், கண்ணில் பட்டதைச் சொல்லலாம்: "மேல் வரிகள் தெளிவா இருக்கு. இடது பக்கம் கீழே வெயில் நேரா அடிச்சு எழுத்து மறைஞ்சுபோச்சு." எந்த இடம், என்ன குறை, இரண்டும் வந்துவிட்டது. நன்றாக இருக்கும் பகுதியைச் சொல்வதும் வெறும் முகஸ்துதி இல்லை. அடுத்த முறை எதை மாற்றக் கூடாது என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

இன்னொன்றையும் கேட்டுவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் போகும். மங்கலுக்குக் காரணம் எடுத்தவரின் கை இல்லாமல் ஆப்பாகக்கூட இருக்கலாம். "ஒரிஜினலை டாக்குமென்ட்டா அனுப்ப முடியுமா?" என்று கேட்டால் பாதிப் பிரச்னை அங்கேயே தீர்ந்துவிடும். அதைக் கேட்காமல் குறை சொல்லிவிட்டு, பிறகு அசடு வழிந்தவர்கள் எல்லாக் குழுக்களிலும் உண்டு.

வெளிச்சம் பக்கவாட்டில் வர வேண்டும்

கல்வெட்டு என்பது கல்லில் விழுந்த சின்னச் சின்னப் பள்ளம். வெளிச்சம் நேராக விழுந்தால் பள்ளமும் மேடும் ஒரே நிறமாகிவிடும். செல்போன் ஃபிளாஷ் செய்வதும் அதைத்தான். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் வெளிச்சம் வந்தால் ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் நிழல் விழும், எழுத்து எழுந்து நிற்கும். அதனால், "வெயில் சுவரை உரசுற மாதிரி சாய்வா விழும் நேரத்துல இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க. நிழலா இருந்தா இன்னொரு போனோட டார்ச்சைப் பக்கத்துல இருந்து அடிக்கலாம்" என்பது உடனே செய்து பார்க்கக்கூடிய யோசனை. அளவு தெரிய ஒரு ஸ்கேலைப் படத்துக்குள் பிடிக்கச் சொல்லலாம். சுவரில் ஒட்ட வேண்டாம்.

சொல்லவே கூடாத யோசனை ஒன்று இருக்கிறது. 'மாவு தடவிட்டு எடுங்க, சாக்பீஸ் போடுங்க, எழுத்து நல்லா தெரியும்' என்று சிலர் கூலாக எழுதிவிட்டுப் போவார்கள். தேய்க்கத் தேய்க்கக் கல்லின் மேல்பரப்பு போகும், தூள் பள்ளத்தில் தங்கிவிடும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டுகள் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். கமென்ட் போட்டவர் வீட்டில் இருப்பார், மாட்டிக்கொள்வது படம் எடுத்தவர். அப்படி ஒரு யோசனையைப் பார்த்தால் அதற்குக் கீழேயே மறுப்பு எழுதிவிடுவது நல்லது.

ஏஐ ஆப்பில் போட்டு 'தெளிவாக்கி' வரும் படங்களுக்கும் இதே எச்சரிக்கை தேவை. அந்த ஆப் இல்லாத கோட்டையும் சேர்த்து வரைந்துவிடும். பார்க்க அழகாக இருக்கும், கல்லில் இருப்பது அதுவாக இருக்காது. ஆப் தொடாத படத்தையும் சேர்த்துப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

கேப்ஷன் தப்பா இருந்தா?

திருமுக்கூடல் படங்களுக்கு 'உலகின் முதல் மருத்துவமனை' என்று ஒரு கேப்ஷன் சுற்றும். அது சரியில்லை. இலங்கையின் மிகிந்தலையில் உள்ள மருத்துவமனை இடிபாடுகள் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, அதாவது இதைவிட மூத்தவை. 'ராஜராஜன் கட்டியது' என்றும் எழுதுவார்கள். வீரராஜேந்திரன் ராஜராஜனின் பேரன். இதையெல்லாம் பொதுவிலேயே சொல்லலாம், ஏனென்றால் பகிர்பவர்களும் படிக்க வேண்டும். "படம் நல்லா வந்திருக்கு. அரசர் பேர் மட்டும் வீரராஜேந்திரன்னு மாத்திடுங்க" என்றால் முடிந்தது. 'வரலாறு தெரியாம எதுக்குப் போடுறீங்க' என்று ஆரம்பித்தால் அவர் படத்தையே எடுத்துவிடுவார். நமக்குப் போனது ஒரு நல்ல படம்.

நீளமான கல்வெட்டுக்கு ஒரு பழைய வழி

திருமுக்கூடல் கல்வெட்டு நீளமானது. ஒரே ஷாட்டில் அடக்கினால் எழுத்து எறும்பாகிவிடும். கேமரா வந்த புதிதிலேயே இந்தச் சிக்கலைச் சந்தித்தவர் லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான அவர், 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டைப் பகுதி பகுதியாக எடுத்தார். 21 படங்களை ஒட்டியபோது கிட்டத்தட்ட 19 அடி நீளம் வந்தது. செல்போன்காரருக்கும் அதையே சொல்லலாம்: இடமிருந்து வலமாக, ஒரு படத்தின் ஓரம் அடுத்ததிலும் கொஞ்சம் வருகிற மாதிரி, நம்பர் போட்டு.

பார்வேட்டைப் படம் வேற கணக்கு

கல்வெட்டை நாளைக்கே மறுபடி எடுக்கலாம். உற்சவத்தை எடுக்க அடுத்த தை வரை காத்திருக்க வேண்டும். அதனால் 'இன்னும் கிட்டப் போயிருக்கலாம்' என்ற கமென்ட்டுக்கு அங்கே அர்த்தமே இல்லை. அந்தக் கூட்டத்தில் அவர் நின்றதே பெரிய விஷயம். கையில் இருக்கும் படத்தில் என்ன செய்ய முடியும் என்று மட்டும் பாருங்கள். "வலது ஓரத்துல ஒரு செல்போன் கை வருது, அதை க்ராப் பண்ணா கண்ணு நேரா பெருமாள்கிட்ட போகும்", "குடை ரொம்ப வெளுத்திருக்கு, கொஞ்சம் வெளிச்சத்தைக் குறைச்சுப் பாருங்க." இது போதும்.

ஆற்றில் குளிப்பவர்களோ, முகம் தெளிவாகத் தெரியும் குழந்தைகளோ படத்தில் இருந்தால் பொதுவில் எழுதாதீர்கள். நாலு பேர் அதையே தேடிப் பார்ப்பார்கள். இன்பாக்ஸில் எடுத்தவரிடம் மட்டும் சொல்லுங்கள்.

சொன்னதைக் கேட்டு அவர் மறுபடி திருமுக்கூடல் போய், சாய்வெயிலில் எடுத்துப் போட்டால், முதலில் குறை சொன்னவர்தான் முதல் ஆளாக வந்து பார்க்க வேண்டும். அப்போது 'சூப்பர்' மட்டும் போடாமல், போன தடவை தெரியாத எந்த வரி இந்தத் தடவை படிக்க முடிகிறது என்று எழுதுங்கள்.