ஈயும் விளக்கும் எழுத்தான விதம்

‘எழுதும் ஆவல் இருக்கிறது, எழுதுவதற்குத்தான் பொருள் கிடைக்கவில்லை’ என்று கூறும் இளைஞர்களும் இளம் பெண்களும் நம் சமுதாயத்தில் மிகப் பலர். அரிய நிகழ்ச்சிகளைக் கண்டவரே எழுத்தாளராக இயலும் என்பது அவர்களுடைய எண்ணம் போலும். அத்தகையோர் அறிந்துகொள்ள வேண்டிய ஒருவர், ஏறத்தாழ 1,150 ஆண்டுகளுக்கு முன்னர் பஸரா நகரில் வாழ்ந்தார்.

இயற்பெயர் அம்ரு இப்னு பஹ்ர். கண்கள் பிதுங்கியிருந்தமையால் ‘அல்ஜாஹிழ்’ என்னும் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. வரலாற்றில் அதுவே நிலைத்தும் விட்டது. வறிய குடும்பம். இளமையில் ஸைஹான் கால்வாய்க் கரையில் ரொட்டியும் மீனும் விற்றார் என்பர்.

அக்காலத்தில் காகிதம் பெருகத் தொடங்கியிருந்தது. நூல்களைப் படியெடுத்து விற்கும் ‘வர்ராக்’கீன்களின் கடைகள் நகரெங்கும் தோன்றின. விலை கொடுத்து நூல் வாங்க வழியில்லாத ஜாஹிழ், அக்கடைகளையே இரவு வாடகைக்கு அமர்த்தி, உள்ளே தங்கி, கைக்குக் கிடைத்த கிதாபுகளையெல்லாம் படித்தார். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூற்பட்டியலைத் தொகுத்த இப்னு அன்னதீம் தரும் செய்தி இது.

பெற்ற அன்னைக்கோ இதில் மகிழ்ச்சியில்லை. ஒரு நாள் மகன் உணவு கேட்டபோது, தட்டு நிறையக் குறிப்பேடுகளைக் கொணர்ந்து வைத்து, நீ ஈட்டி வருவது இவற்றைத்தானே என்றாராம். மனம் நொந்து பள்ளிவாசலில் சென்று அமர்ந்தவரைக் கண்ட செல்வர் ஒருவர், விவரம் கேட்டு 50 தீனார் கொடுத்தார். மாவும் பிற பொருள்களும் கூலியாட்களின் தலையில் வீடு வந்து சேர்ந்தன. இவை எங்கிருந்து வந்தன என்று திகைத்த தாயிடம், தாங்கள் தட்டில் வைத்த குறிப்பேடுகளிலிருந்துதான் என்றார் மகன். இவ்வாறு ஒரு செய்தி வழங்கி வருகிறது. அந்தத் தாயைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அடுப்பு எரிய வேண்டிய கவலை அவருடையது.

கிதாபுகளில் படித்ததோடு ஜாஹிழ் நின்றிருந்தால், ஆயிரம் ஆலிம்களுள் ஒருவராகவே மறைந்திருப்பார். தெருவையும் அவர் படித்தார். பாம்பாட்டிகள், மாலுமிகள், வேடர்கள் ஆகியோரிடம் கேட்டறிந்தார். ஏழு பாகங்கள் கொண்ட ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் உயிரினங்களின் நூலில், கிரேக்க ஞானி அரிஸ்டாட்டிலின் கூற்றுக்கு அருகிலேயே இத்தகையோரின் சொல்லும் இடம்பெறும். இரண்டையும் அவர் ஐயத்துடனேயே நோக்குவார். நாய் சிறந்ததா, சேவல் சிறந்ததா என்னும் வாதம் மட்டுமே அந்நூலில் நெடுந்தூரம் செல்கிறது!

அதே நூலில்தான் ஈயின் கதை வருகிறது. பஸராவின் காழி அப்துல்லாஹ் இப்னு ஸவ்வார், கம்பீரத்திற்குப் பெயர் பெற்றவர். சுபுஹு தொழுத பின் தம் இடத்தில் வந்து அமர்ந்தால், லுஹருக்கு எழும்வரை சாயமாட்டார், உறுப்பொன்றையும் அசைக்கமாட்டார். ஒரு நாள் ஓர் ஈ அவருடைய மூக்கில் வந்து அமர்ந்தது. பொறுத்துக்கொண்டார். அது நகர்ந்து கண்ணின் ஓரத்திற்குச் சென்று கடித்தது. அதையும் பொறுத்துப் பார்த்தார். பின்னர் இமைகளைக் கொட்டினார். ஈ சற்றே விலகி, முன்னினும் வன்மையாகத் திரும்பிற்று. மீண்டும் இமைத்தார், மீண்டும் வந்தது. இறுதியில் கையால் விரட்டினார். அதுவும் பயனற்றுப்போகவே, சட்டைக்கையின் நுனியால் வீசினார். சூழ இருந்தோர் அனைவரும் காணாதவர் போல் கண்டுகொண்டிருந்தனர். அல்லாஹ்வின் படைப்புகளுள் மிகப் பலவீனமானது தம்மை வென்றுவிட்டது என்று காழி தாமே ஒப்புக்கொண்டு, ஈயைக் குறித்து அருளப்பட்ட ஸூரத்துல் ஹஜ்ஜின் 73ஆம் வசனத்தை ஓதினார். எறும்பின் பெயராலும் தேனீயின் பெயராலும் சிலந்தியின் பெயராலும் அத்தியாயங்கள் அமைந்த திருமறையை ஓதி வளர்ந்தவருக்கு, ஈ இழிந்த பொருளாகத் தோன்றுமா?

கருமிகளைப் பற்றிய ‘கிதாபுல் புகலா’ முழுவதும் வீட்டுச் செய்திகளே. குராஸானைச் சேர்ந்த சிலர் ஒரு வீட்டில் தங்கி, விளக்கின்றிச் சமாளித்து வந்தனர். பின்னர் எண்ணெய்க்குக் காசு சேர்த்தபோது ஒருவர் மட்டும் பங்கு தர மறுத்தார். ஆகவே, விளக்கு எரியும் வரை அவருடைய கண்களைத் துணியால் கட்டிவைத்தனர்!

மர்யம் என்னும் பெண்மணியின் கதை வேறு வகை. மகளுக்குப் பொன்னும் பட்டும் பூட்டி மணமுடித்து வைக்கிறார். திகைத்த கணவர், பொருள் வந்த வழியைக் கேட்கிறார். மகள் பிறந்த நாள் முதல் ஒவ்வொரு முறை மாவு பிசையும்போதும் ஒரு பிடி எடுத்துவைத்து, சேர்ந்தபோதெல்லாம் விற்றுவந்ததாக மர்யம் விளக்குகிறார். உலை வைக்குமுன் மத்ரஸாவுக்கெனப் பிடியரிசி எடுத்துவைத்த நம் ஊர்ப் பெண்களுக்கு இது புதுமையாக இராது.

குர்பானி ஆட்டைப் பற்றிய கதையே எனக்கு மிகவும் பிடித்தது. முஆதா என்னும் விதவைக்கு உறவினர் ஒருவர் ஆடு ஒன்றை அளித்தார். அம்மையாரோ கவலையில் ஆழ்ந்தார்; ஏதேனும் ஒரு பகுதி வீணாகிவிடுமோ என்பதே அக்கவலை. கொம்பை உத்தரத்தில் அடித்தால் கூடைகள் தொங்கவிடலாம். குடலைப் பஞ்சு கொட்டும் வில்லுக்கு நாணாக்கலாம். எலும்பைக் காய்ச்சினால் விளக்குக்குக் கொழுப்பு. தோல் பையாகும், சாணம் விறகாகும். இரத்தத்தை என் செய்வது? மார்க்கம் தடுத்தது அதை உண்பதையும் பருகுவதையும்தான் என அவர் அறிவார். ஆயினும் வழி தோன்றாமல் வருந்தினார். திடீரென முகம் மலர்ந்தது. வீட்டில் புதிய ஷாம் நாட்டுச் சட்டிகள் இருந்தன. சூடான இரத்தம் பூசினால் அவை உறுதிப்படும் எனச் சொல்லக் கேட்டிருந்தார்! ஆறு மாதம் கழித்து, உப்புக்கண்டம் எப்படியிருந்தது என வினவியபோது, அதற்கு இன்னும் வேளை வரவில்லை, கொழுப்பும் எலும்புமே தீரவில்லை என்றாராம்.

கருமித்தனத்தை எள்ள வந்த நூல்தான். எனினும் அவ்வம்மையாரின் அறிவுக்கூர்மையை ஜாஹிழ் மறைக்கவில்லை. நம் பாட்டிமார் ஹஜ்ஜுப் பெருநாளன்று கையாண்ட சிக்கனங்களை எவர் எழுதிவைத்தார்? அவர்களுடன் கபுருக்குச் சென்றவை எத்தனையோ!

கொள்கையில் ஜாஹிழ் முஃதஸிலா பிரிவினர். அது நமக்கு உடன்பாடன்று. அவருடைய உரைநடையை அறபு மொழி இன்றளவும் கொண்டாடுகிறது.

முதுமையில் பக்கவாதம் அவரைத் தாக்கியது. அடுக்கியிருந்த கிதாபுகள் சரிந்து விழுந்து இறந்தார் என்பது பிற்காலத்தார் கூறும் கதை. ஹிஜ்ரி 255இல் (கி.பி. 868–869) பஸராவிலேயே காலமானார். ‘கிதாபுல் ஹயவான்’ விரும்பியவாறு அமையாமைக்கு அந்நூலுக்குள்ளேயே அவர் காரணம் கூறுகிறார்: முதலாவது கடும் நோய், இரண்டாவது உதவுவோர் இன்மை, மூன்றாவது நூலின் நீளம்.