அம்மா அப்பாவுக்கு டிராவல் இன்சூரன்ஸ்: "கவர் ஆகும்"னு சொன்னா என்ன அர்த்தம்?

இது எபிசோடோட எழுத்து வடிவம். படிக்க வசதியா கொஞ்சம் திருத்தியிருக்கு.

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் டாக்குமென்டேஷன் படிக்கற மாதிரி இருக்கும், பொறுத்துக்கோங்க. ஏன்னா நம்ம வயசுல இருக்கற நிறைய பேருக்கு இது இந்த வருஷமே தேவைப்படலாம். அக்காவோ அண்ணனோ அமெரிக்காவுல இருப்பாங்க. பிரசவத்துக்கோ, பேரக்குழந்தையைப் பார்த்துக்கவோ அம்மா அப்பா கிளம்புவாங்க. விசா ஃபார்ம் நிரப்பறது, டிக்கெட் போடறது எல்லாம் ஊர்ல இருக்கற பிள்ளையோட வேலை. கடைசியில போற போக்குல ஒரு வரி வரும்: "அப்படியே அந்த இன்சூரன்ஸையும் போட்டுடு."

எங்க வீட்டு நிலவரம் இது. அப்பாவுக்கு 68 வயசு, ஸ்டென்ட் வெச்சிருக்கு, பிபி மாத்திரை தினமும் உண்டு. அம்மாவுக்கு 63, சுகர். அக்கா இருக்கறது நியூ ஜெர்சி. நான் ஒரு வாரம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து பாலிசி பேப்பர்களைப் படிச்சேன். அதுல புரிஞ்சது ஒண்ணுதான். "ஏற்கெனவே இருக்கற வியாதி கவர் ஆகுமா?"ங்கற கேள்விக்கு ஆமா, இல்லைன்னு பதில் கிடையாது. "எந்த நிலைமையில, எவ்வளவு வரைக்கும்?"னு கேட்டாதான் சரியான பதில் வரும். அதைக் கேட்கத் தெரிஞ்சாலே பணமும் மிச்சம், நிம்மதியும் மிச்சம்.

கட்டாயமே இல்லையே, எதுக்கு எடுக்கணும்?

அமெரிக்க சுற்றுலா விசாவுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லை. ஐரோப்பாவோட ஷெங்கன் விசாவுக்குக் குறைஞ்சது 30,000 யூரோ கவரேஜ் காட்டணும். கனடாவுல பெற்றோருக்கான சூப்பர் விசாவுக்கு ஒரு வருஷத்துக்கு 1,00,000 கனடா டாலர் கவரேஜ் வேணும். அமெரிக்கா கேட்கறதில்லை. ஆனா மருத்துவச் செலவு பயங்கரமா இருக்கறது அங்கதான்.

இங்க ஒரு விஷயம். விசாவுக்காகக் காட்டற பாலிசி வேற, உடம்புக்காக எடுக்கற பாலிசி வேற. 30,000 யூரோ பேப்பர் கையில இருந்தா விசா ஆபீசர் திருப்தி ஆயிடுவார். ஆனா அதே பேப்பர்ல "ஏற்கெனவே இருந்த வியாதிக்குப் பொருந்தாது"ன்னு ஒரு வரி இருந்தா, அப்பாவோட இதயத்துக்கு அது பிரயோஜனம் இல்லை.

"நம்ம ஊர்லயே ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கே?"ன்னு கேட்பீங்க. சாதாரண மெடிக்ளெய்ம் பாலிசிகள் பொதுவா இந்தியாவுக்குள்ள எடுக்கற சிகிச்சைக்குத்தான். விமானம் ஏறின பிறகு அது கை கொடுக்காது.

இன்னொரு பக்கம், அமெரிக்காவுல 1986-ல வந்த ஒரு சட்டம் இருக்கு. அதன்படி, அவசரப் பிரிவு இருக்கற கிட்டத்தட்ட எல்லா ஆஸ்பத்திரியும், காசு இருக்கா இல்லையான்னு பார்க்காம நோயாளியைப் பரிசோதிச்சு நிலைப்படுத்தியே ஆகணும். அதனால வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு பயப்பட வேண்டாம். ஆனா அது இலவசம் இல்லை, பில் பின்னாடியே வீட்டுக்கு வரும்.

மூணு வகை

மார்க்கெட்ல இருக்கறதை மூணாப் பிரிச்சுக்கலாம்.

ஒண்ணு, இந்தியாவுலயே எடுக்கற டிராவல் பாலிசி. ரூபாயில கட்டலாம், விலையும் பொதுவா கம்மி. பிரச்சனை வந்தா ஐஆர்டிஏஐ-யோட பீமா பரோசா தளத்துல புகார் கொடுக்கலாம், இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம். ஆனா பழைய வியாதியைப் பல பாலிசிகள் முழுசா விலக்கிடும். இல்லைன்னா, உயிருக்கு ஆபத்துன்னு வந்தா மட்டும், நிலைமை சீராகற வரைக்கும், ஒரு சின்ன உச்சவரம்புக்குள்ள கொடுக்கும். 60 வயசு தாண்டினவங்களுக்கு ரூம் வாடகைக்கு இவ்வளவு, ஆபரேஷனுக்கு இவ்வளவுன்னு தனித்தனி வரம்பு வைக்கறதும் உண்டு. கிளம்பறதுக்கு முன்னாடியே எடுத்துடணும்.

ரெண்டு, அமெரிக்காவுல விக்கற ஃபிக்ஸட் பெனிஃபிட் பிளான். ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு நிலையான தொகை. பில் எவ்வளவு வந்தாலும் அவங்க அட்டவணையில இருக்கறதுதான் கிடைக்கும். பார்க்க ரொம்ப சீப்பா இருக்கும்.

மூணு, காம்ப்ரிஹென்ஸிவ் பிளான். டிடக்டிபிள்னு ஒரு தொகையை முதல்ல நாம கட்டணும். அதுக்கு மேல பில்லுல பெரும் பகுதியை அவங்க கட்டுவாங்க.

வித்தியாசம் புரிய ஒரு கற்பனைக் கணக்கு. வழியில விழுந்து எலும்பு முறிவு, நாலு நாள் ஆஸ்பத்திரி, பில் 40,000 டாலர்னு வெச்சுக்கோங்க. ஃபிக்ஸட் பிளான் ஒரு நாளைக்கு 1,500 டாலர், ஆபரேஷனுக்கு 3,000 டாலர்னு கொடுத்தா மொத்தம் 9,000. மீதி 31,000 நம்ம தலையில. காம்ப்ரிஹென்ஸிவ் பிளான்ல டிடக்டிபிள் 250, அடுத்த 5,000-க்கு 80 சதவீதம் அவங்க, அதுக்கு மேல முழுசும் அவங்கன்னு இருந்தா, நம்ம பங்கு 250-ம் 1,000-மா 1,250 டாலர். பிரீமியத்துல மிச்சம் பிடிச்சது எல்லாம் ஒரே பில்லுல போயிடும்.

ஒரு இஃப் கண்டிஷன், நாலு ஆண்ட்

இப்ப ஸ்டென்ட், சுகர் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்க பிளான்கள்ல பெரிய எழுத்துல "அக்யூட் ஆன்செட் ஆஃப் ப்ரீ-எக்ஸிஸ்டிங் கண்டிஷன்ஸ்"னு போட்டிருப்பாங்க. பழைய வியாதி எல்லாமே கவர் ஆகும்னு நிறைய பேர் இதைப் படிச்சுக்கறாங்க. அப்படி இல்லை.

கோட் எழுதற மாதிரி யோசிங்க. இது ஒரு இஃப் கண்டிஷன், உள்ள நாலு ஆண்ட். பிரச்சனை திடீர்னு வரணும். முன்கூட்டி எந்த அறிகுறியும் இருந்திருக்கக் கூடாது. உடனடி சிகிச்சை தேவைப்படற அளவுக்கு இருக்கணும். ஆரம்பிச்ச குறிப்பிட்ட நேரத்துக்குள்ள, பல பிளான்கள்ல 24 மணி நேரத்துக்குள்ள, சிகிச்சைக்குப் போயிருக்கணும். ஒண்ணு ஃபால்ஸ் ஆனாலும் மொத்தமும் ஃபால்ஸ்.

நம்ம வீட்டுல இது எப்படி உடையும் தெரியுமா? அப்பாவுக்கு நெஞ்சுல ஒரு மாதிரி இருக்கும். "வாயுப் பிடிப்புதான், ஓமத் தண்ணி குடிச்சா சரியாயிடும்"னு சொல்லுவார். பொண்ணு ஆபீஸ் போகணும், கைக்குழந்தை வேற, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு ரெண்டு நாள் வாயைத் திறக்க மாட்டார். மூணாம் நாள் ஆம்புலன்ஸ். டாக்டர் கேட்பார், "எப்ப இருந்து வலி?" அப்பா உண்மையைச் சொல்வார், "மூணு நாளா." அந்த வாக்கியம் கேஸ் ஷீட்ல ஏறிடும். அதுக்கப்புறம் "திடீர்னு வந்தது"ன்னு கிளெய்ம்ல வாதாடறது ரொம்ப கஷ்டம்.

அதனால இதை நான் அப்பாகிட்ட இன்சூரன்ஸ் பாஷையில சொல்லலை. "நெஞ்சுல என்ன இருந்தாலும் அந்த நிமிஷமே அக்காவை எழுப்புங்க, நடுராத்திரியா இருந்தாலும் சரி"ன்னு மட்டும் சொன்னேன். பாலிசிக்கும் அதுதான் நல்லது, உயிருக்கும் அதுதான் நல்லது.

அதே மாதிரி, அம்மாவோட சுகர் அமெரிக்கச் சாப்பாட்டுல மெல்ல மெல்ல ஏறினா அது அக்யூட் ஆன்செட் ஆகாது. வழக்கமான செக்கப், மாத்திரை வாங்கறது, ரத்தப் பரிசோதனை எதுவும் ஆகாது. அந்தச் செலவுக்கு இன்சூரன்ஸை எதிர்பார்க்காதீங்க.

வயசு வரம்பையும் கட்டாயம் பாருங்க. இந்த அக்யூட் ஆன்செட் சலுகை சில பிளான்கள்ல 70 வயசோட நின்னுடும், சிலதுல 80 வரைக்கும் போகும். 80 தாண்டினா மொத்த கவரேஜே 10,000 டாலர் அளவுக்கு இறங்கற பிளான்கள் இருக்கு. இதயம், பக்கவாதத்துக்குத் தனி உச்சவரம்பு வைக்கறதும் உண்டு. விளம்பரத்துல இருக்கற பெரிய நம்பர் உங்க அப்பாவோட நம்பர்னு நினைச்சுக்காதீங்க. அவர் வயசுக்கு, அவர் வியாதிக்கு என்ன நம்பர்னு தேடுங்க.

"ஸ்டென்ட் விஷயத்தைச் சொல்லாதேப்பா"

இதை அப்பாவே சொன்னார். "எதுக்குப்பா அதெல்லாம் எழுதிக்கிட்டு, பிரீமியம் ஏத்திடுவான்." உங்க வீட்டுலயும் யாராவது சொல்லுவாங்க.

இந்திய பாலிசி ஃபார்ம்ல பழைய வியாதியைக் கேட்டிருந்தா, மறைக்கறது கிளெய்மை நிராகரிக்க நாமே காரணம் எடுத்துக் கொடுக்கற மாதிரி. அமெரிக்க பிளான்கள் பலதுல வாங்கும்போது எதுவும் கேட்கவே மாட்டாங்க. வயசு, தேதி, கார்டு நம்பர், முடிஞ்சுது. ரொம்ப ஈஸியா இருக்கேன்னு தோணும். கேள்வி எல்லாம் கிளெய்ம் அப்பதான் ஆரம்பிக்கும். பழைய மருத்துவ ரெக்கார்டு கேட்பாங்க. அது போக, அவசரப் பிரிவுல டாக்டர் முதல்ல கேட்கறதே "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க, முன்னாடி என்ன சிகிச்சை நடந்திருக்கு"ன்னுதான். அங்க ஸ்டென்ட்டை மறைச்சா தப்பான சிகிச்சை நடக்கும். சொன்னா ரெக்கார்டுல ஏறும். ஆக, இன்சூரன்ஸ்கிட்ட மட்டும் மறைக்கறதுக்கு வழியே இல்லை.

விலையை எங்க குறைக்கலாம்?

முதல் இடம், டிடக்டிபிள். பூஜ்யம் டிடக்டிபிள் எடுத்தா பிரீமியம் எகிறும். 500 இல்லை 1,000 டாலர்னு வெச்சா இறங்கும். காய்ச்சல், இருமல் செலவை நாமே பார்த்துக்கலாம். வீட்டை விக்க வைக்கற பில்லுக்குத்தான் இன்சூரன்ஸ் வேணும்.

ரெண்டாவது, நாள் கணக்கு. ஆறு மாசம் தங்க அனுமதி கிடைச்சாலும், மூணு மாசம்தான் இருக்கப் போறாங்கன்னா மூணு மாசத்துக்கு எடுங்க. நீட்டிக்க முடியுமான்னு மட்டும் முன்னாடியே பார்த்துக்கோங்க. நீட்டிப்புக்கு நடுவுல ஒரு நாள் கூட இடைவெளி விழக் கூடாது.

மூணாவது, ரெண்டு பேருக்கும் ஒரே பிளான் எடுக்கணும்னு சட்டம் இல்லை. அம்மாவுக்கு ஒத்து வர்ற பிளான் அப்பாவுக்கு ஒத்து வராமப் போகலாம். தனித்தனியாப் பாருங்க.

நாலாவது, குறைக்கக் கூடாத இடம் ஒண்ணு இருக்கு. அதுதான் மொத்த கவரேஜ். அங்க கை வைக்காதீங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி

டாக்டரை பயணத்துக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே பாருங்க. சில பாலிசிகள், முக்கியமா கனடா பிளான்கள், வியாதி 90 அல்லது 180 நாளா நிலையா இருந்திருக்கணும்னு கேட்கும். கிளம்பற வாரம் மாத்திரை டோஸை மாத்தினா அந்த நிபந்தனை உடையலாம். மாத்தறதா இருந்தா முன்னாடியே மாத்திட்டா நல்லது. அதுக்காக டாக்டர் சொல்ற மாற்றத்தைத் தள்ளிப் போடச் சொல்லலை, உடம்புதான் முதல்.

மாத்திரைகளை ஒரிஜினல் அட்டையோட, பிரிஸ்கிரிப்ஷனோட எடுத்துட்டுப் போகட்டும். பிரிஸ்கிரிப்ஷன்ல பிராண்ட் பேரோட மருந்தோட பொதுப் பேரும் எழுதித் தரச் சொல்லுங்க. நம்ம ஊர் பிராண்ட் பேர் அங்க யாருக்கும் புரியாது. பாராசிட்டமாலே அங்க அசிட்டமினோஃபென்!

இன்சூரன்ஸ் கார்டு, அவசர நம்பர் ரெண்டையும் பிரின்ட் எடுத்து ஃபிரிட்ஜ்ல ஒட்டச் சொல்லுங்க. ஆஸ்பத்திரியில சேர்த்தா உடனே இன்சூரன்ஸுக்குத் தகவல் சொல்லணும். சொல்லலைன்னா கொடுக்கற தொகையைக் குறைக்கற பிளான்கள் இருக்கு. உயிர் பிரச்சனைன்னா முதல்ல 911, மத்ததெல்லாம் அப்புறம். சாதாரண காய்ச்சல், சின்னக் காயம்னா அவசரப் பிரிவுக்குப் போகாம அர்ஜென்ட் கேர் கிளினிக் போங்க, பில் பல மடங்கு குறையும்.

கடைசியா ஒண்ணு

இவ்வளவும் பார்த்த பிறகு சில வீடுகளுக்கு விடை "இப்ப வேண்டாம்"னு வரலாம். 80 தாண்டின தாத்தா, சமீபத்துல இதய ஆபரேஷன், எந்தப் பிளானும் உருப்படியாக் கவர் பண்ணலை. அந்த நேரத்துல பிரீமியம் எவ்வளவு கட்டினாலும் கையில இருக்கறது வெறும் பேப்பர்தான். அதுக்கு பதிலா, பேரக்குழந்தையைத் தூக்கிட்டு அவங்க இங்க வரலாம். அதை வீட்டுல தைரியமாச் சொல்ல வேண்டியதும் ஊர்ல இருக்கற பிள்ளைதான்.

மத்தவங்களுக்கு என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணு. "பை நவ்" அழுத்தறதுக்கு முன்னாடி பாலிசி பிடிஎஃப்பைத் திறங்க. கன்ட்ரோல் எஃப் போட்டு "ப்ரீ-எக்ஸிஸ்டிங்"னு தேடுங்க. அந்த வார்த்தை வர்ற ஒவ்வொரு பத்தியையும் அம்மா அப்பா பேரை வெச்சுப் படிச்சுப் பாருங்க. ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தை அவங்களுக்காக ஒதுக்குங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம் மக்களே. இதை உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல போட்டு விடுங்க. "அந்த இன்சூரன்ஸையும் போட்டுடு"ன்னு சொன்னவங்க முதல்ல கேட்கட்டும்!