மண்ணுக்குள் கிடந்த தோட்டா

தோட்டங்களில் வடிகால் வெட்டும்போதும், பழைய ரப்பர் மரங்களைப் பெயர்த்துச் செம்பனை நடும்போதும், பச்சை பூத்த பித்தளைக் கூடு ஒன்று மண்ணிலிருந்து வெளிப்படுவதுண்டு. சுண்டுவிரல் நீளமே இருக்கும். அதைக் கண்ட சிறுவன், "இஃது எந்தத் துப்பாக்கிக்கு உரியது?" என்று கேட்பான். அக்கேள்விக்கு விடை காண இயலும். ஆனால் அதற்குமுன் ஒரு சொல்.

கூட்டின் வாயில் கூரிய ரவை இன்னும் பொருந்தியிருப்பின் அது வெடிக்காத தோட்டா. எண்பது ஆண்டுகள் மண்ணில் கிடந்ததாலேயே உள்ளிருக்கும் மருந்து செத்துவிட்டது என்று எண்ணலாகாது. மாணவச் செல்வங்களே, அதைத் தொடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள், பள்ளிக்கும் எடுத்து வராதீர்கள். பெரியவர்களிடம் இடத்தைக் காட்டுங்கள். அவர்கள் காவல் நிலையத்திற்குத் தெரிவிப்பார்கள். உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பது 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றமுமாகும். வாய் திறந்து, உள்ளே வெறுமையாய், அடியில் குழி விழுந்திருக்கும் கூட்டைப் பற்றியே இனிப் பேசுவோம். அதனையும் முதலில் பெரியவர்களே பார்க்க வேண்டும்.

தோட்டாவுக்கு நான்கு உறுப்புகள் உண்டு: பித்தளைக் கூடு, அதனுள் மருந்து, வாயில் ரவை, அடியின் நடுவே ஒரு சிறு மூடி. தீபாவளிக்கு நாம் வெடிக்கும் 'கேப்பு' போன்றதே அம்மூடி. துப்பாக்கியின் ஊசி அதைக் குத்தியதும் பொறி பிறந்து மருந்து எரிகிறது; ரவை பறக்கிறது; கூடு மட்டும் சுட்டவரின் காலடியில் விழுகிறது. ஆகவே கூடு கிடந்த இடம் சுட்டவர் நின்ற இடமே ஒழிய, சுடப்பட்டவர் விழுந்த இடம் அன்று. இதைப் பலர் மாற்றி எண்ணிவிடுகின்றனர்.

நம் நாட்டு மண்ணில் 1941 டிசம்பர் 8 முதல் நடந்த போரில் இரு தரப்பினரும் வெவ்வேறு தோட்டாக்களைப் பயன்படுத்தினர். அவற்றைப் பிரித்தறிய அடிக்கோலும் கூர்ந்த கண்ணுமே போதும். கூட்டின் நீளம் ஏறத்தாழ 56 மில்லிமீட்டர் இருந்து, அடிவிளிம்பு தொப்பியின் ஓரம்போல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அது பிரிட்டிஷ் படையின் 'திரீ நாட் திரீ'. துப்பாக்கிக் குழலின் உள்விட்டம் 0.303 அங்குலம் என்பதால் வந்த பெயர் அது. லீ என்பீல்டு துப்பாக்கி பத்துத் தோட்டாக்களைக் கொள்ளும். பிரென் என்னும் இயந்திரத் துப்பாக்கிக்கும் இதே தோட்டாதான். விளிம்பு நீண்ட தோட்டாக்களை அடுக்கினால் அடுக்கு வளைந்துவிடும். பிரென் துப்பாக்கியின் தோட்டாப் பெட்டி வாழைப்பழம்போல் வளைந்திருப்பதற்குக் காரணம் இதுவே.

கூடு 51 மில்லிமீட்டர் அளவே இருந்து, விளிம்பு மிகச் சிறிதே நீட்டியிருந்தால், அது ஜப்பானியரின் 6.5 மில்லிமீட்டர் தோட்டா. 1905இல் ஏற்கப்பட்ட 38ஆம் வகைத் துப்பாக்கிக்குரியது. அத்துப்பாக்கியின் மேல் பேரரசரின் செவ்வந்திப்பூச் சின்னம் பொறிக்கப்பட்டிருக்கும். 58 மில்லிமீட்டர் நீளமும் நீட்டாத விளிம்பும் உடையது, பின்வந்த 99ஆம் வகைத் துப்பாக்கியின் தோட்டா. ஜப்பானியத் தரைப்படைத் துப்பாக்கிகளின் கூடுகளில் பெரும்பாலும் எழுத்தே இராது. ஒரு சிக்கலும் உண்டு: ஜப்பானியக் கடற்படை தன் இயந்திரத் துப்பாக்கிகளுக்குத் 'திரீ நாட் திரீ'யையே பார்த்துச் செய்துகொண்டது!

பிரிட்டிஷ் கூட்டின் அடியை மெல்லத் துடைத்தால் எழுத்துகள் தெரியும். கே, எஃப் என்றிருப்பின் அஃது இந்தியாவில் புனே அருகிலுள்ள கிர்க்கி தொழிற்சாலையில் செய்யப்பட்டது. பக்கத்தில் ஆண்டும் இருக்கும். அது செய்த ஆண்டு. சுட்ட ஆண்டு அன்று.

துப்பாக்கியை அறிந்துவிட்டோம், ஏந்திய கையை அறிந்தோமா? 1941 டிசம்பர் இறுதியில் கம்பாரில் எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் இந்தியப் படையினர் ஏந்தியது இத்துப்பாக்கி. சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15இல் வீழ்ந்தபின், அங்குக் கைப்பற்றப்பட்ட பிரிட்டிஷ் ஆயுதங்களே இந்திய தேசிய இராணுவத்திற்குக் கிடைத்தன. 1943இல் தோட்டத்தை விட்டுச் சென்ற நம் இளைஞர் பலர் அப்படையில் சேர்ந்தனர். போரின் முடிவில் காட்டிலிருந்த கெரில்லாக்களுக்கு விமானத்திலிருந்து இறக்கப்பட்ட ஆயுதங்களிலும் இது இருந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலத்தில் தோட்டங்களைக் காத்த சிறப்புக் காவலரும் இதையே தோளில் சுமந்தனர்.

அடியில் 1950 என்றிருப்பின் அது ஜப்பானியர் காலத்ததாக இருக்க முடியாது. 1940 என்றிருப்பின் மேற்சொன்ன நால்வரில் எவருடையதாகவும் இருக்கலாம். அப்போது கூட்டைவிடக் கிடந்த இடமே மிகுதியாகப் பேசும். அங்கே முன்பு முள்வேலி இருந்ததா, காவல் கொட்டகை இருந்ததா, காவலர் சுட்டுப் பழகிய மேடு இருந்ததா என்று வீட்டிலுள்ள பாட்டியைத்தான் கேட்க வேண்டும்.