திருத்திய ஈரடிப்பு எஞ்சினைப் பழக்கும் முறை

பெரும்போக நெல்லிற் கபிலநிறத் தத்தியைக் கண்டதும், முதுகிற் சுமக்கும் விசைத் தெளிகருவிக்குப் புதிய முசலமும் வளையங்களும் இடுவித்து, அன்று மாலையே வயலில் முழுவேகத்தில் ஓட்டும் கமக்காரர் உளர். அவசரம் விளங்கக்கூடியதே. ஆயினும் அவ்வாறு ஓட்டிய எஞ்சின் அன்றே இறுகிப்போதல் கூடும். அப்போது முசலத்தோடு உருளையும் பழுதாகி, முன்னையதிலும் கூடிய செலவு நேரும். நாம்பனை முதல் நாளே பாரவண்டியிற் பூட்டுவாரில்லை.

புதிய உருளையின் உட்சுவர் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினும், அதில் நுண்ணிய கீறல்கள் உள. வளையங்கள் அவற்றோடு உராய்ந்து, சிறிது சிறிதாகத் தேய்ந்து பொருந்தும்வரை வெப்பம் மிகுதியாக உண்டாகும். பொருந்தாத இடங்களூடாக எரிவாயு கசிந்து முசலத்தை மேலுஞ் சூடாக்கும். முசலம் உருளையிலும் கூடுதலாகச் சூடேறி விரிவதால், இடைவெளி அற்று இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்.

இவ்வகைக் கருவிகளின் எஞ்சினில் தனி எண்ணெய்த் தொட்டி இல்லை. பெற்றோலிற் கலந்த எண்ணெயே எல்லாப் பாகங்களையும் நனைக்கின்றது. கைந்நூலில் 25க்கு 1 என்றிருப்பின் 5 லீற்றர் பெற்றோலுக்கு 200 மில்லிலீற்றரும், 50க்கு 1 என்றிருப்பின் 100 மில்லிலீற்றரும் ஈரடிப்பு எண்ணெய் சேர்க்க வேண்டும். பழக்குங் காலத்துக்கெனக் கைந்நூல் வேறு அளவு கூறின், அதனையே கொள்க. எண்ணெயைக் கைக்கணக்கிற் கூட்டி ஊற்றுவது பாதுகாப்பு எனப் பலர் எண்ணுவர், அது சரியன்று. எண்ணெய் கூடுமிடத்துக் கலவையிற் பெற்றோல் குறைந்து, எஞ்சின் சூடாகவே ஓடும், கரியும் படியும். உழவு இயந்திரத்துக்கு வாங்கிய எண்ணெயை இதற்கு ஒருபோதும் ஊற்றலாகாது.

கிளப்புமுன் உருளையைச் சுற்றியுள்ள குளிர்த்தகடுகளிற் சேறு, வைக்கோற்றூள் இல்லாதவாறு துப்புரவாக்குக. காபுரேற்றர் பொருந்துமிடத்திற் காற்றுக் கசிவு உண்டோவெனவும் நோக்குக. கசிவினூடு புகுங் காற்று கலவையை மெலியச் செய்து, நல்ல எஞ்சினையும் எரித்துவிடும்.

முதல் ஓட்டத்தில் மருந்துத் தாங்கியில் தூய நீரையே நிரப்புக. இடையில் நிறுத்த வேண்டிவரின் மருந்து வீணாகாது. ஐந்து நிமிடம் மிதமான வேகத்தில் ஓட்டி நிறுத்தி, கைபொறுக்குஞ் சூடன்று, முற்றாகக் குளிரும்வரை விடுக. இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்தபின், அரைவேகத்தில் வேலை வாங்கலாம். ஒரே வேகத்தில் நீடித்து ஓட்டாது, விசையைக் கூட்டியுங் குறைத்தும் வருதல் நன்று. நெடுநேரம் மெல்லோட்டத்தில் விடுதலும் தகாது. வளையங்கள் சுவரில் அழுந்தி இருக்கமாட்டா. புல்வெட்டுங் கருவியாயின் சுமையின்றி முழுவேகம் கொடுத்தல் ஆகாது. நீரிறைக்கும் பம்பியாயின் நீரின்றி ஓட்டலாகாது.

ஓட்டத்தில் ஒலி மாறி வேகந் தானே தளர்ந்தால், உடனே விசையை மூடி நிறுத்துக.

மூன்று நான்கு தாங்கி எரிபொருள் முடிந்தபின் பொறிச்செருகியைக் கழற்றிப் பார்க்க. நுனி மண்ணிறமாயின் கலவை செம்மை. வெண்மையாயின் கலவை மெலிந்துள்ளது. காரணங் கண்டு திருத்தும்வரை முழுவேகம் கொடாதீர்கள்.